கைக்குச் செய்தி சொல்லும் கோல்

சென்ற சித்திரை விடுமுறையின்போது, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே வாழும் நம் தமக்கையார் இல்லத்திற் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. பெட்டியைத் திறந்து பனங்கட்டியையும் மிளகாய்த் தூளையும் எடுத்துவைக்கு முன்னரே, பதினான்கு வயது மருமகன் கதவின் பின்னாலிருந்து ஒரு தூண்டிற்கோலைக் கொணர்ந்து நம் கையிற் கொடுத்தான்.

“மாமா, நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறவர்தானே? இந்தக் கோலில் என்ன பிழை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.”

நாமோ தூண்டில் வீரர் அல்லேம். இளமையில் ஊர்க் குளக்கரையில் மூங்கிற் கம்பும் குண்டூசியும் கொண்டு செய்த சிறு முயற்சிகளுக்கு அப்பால் நமக்கு இத்துறையில் அனுபவம் கிடையாது. ஆயினும் பையனின் முகத்தைக் கண்டபோது, இது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று என்பது புலனாயிற்று. விசாரித்ததில் வரலாறு வெளிவந்தது.

முந்திய ஆண்டு ஆவணி மாதம், தன் பிறந்தநாட் காசைக் கொண்டு அவன் ஒரு கடையில் அக்கோலை வாங்கியிருக்கிறான். “பாஸ் மீன் பிடிக்கவேண்டும்” என்று சொன்னதும், கடைக்காரர் தடித்த, விறைப்பான கோலொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். பையன் கட்டியதோ நான்கு அங்குல நீளமுள்ள மெல்லிய பிளாஸ்ரிக் புழு. அன்று மாலை ஏரிக்கரையில் மீன் கௌவியது அவனுக்குத் தெரியவே இல்லை. கோலை உயர்த்தியபோது பாரம் தெரிந்தது. இழுத்தெடுத்துப் பார்த்தால், முள் மீனின் தொண்டைக்குள்ளே ஆழப் பதிந்திருந்தது. குறட்டினாற் கழற்ற முயன்றான். செவுளிலிருந்து குருதி பெருகியது. மீண்டும் நீரில் விடவேண்டுமென்று அவன் எண்ணியிருந்த மீன் அவன் கையிலேயே உயிர்விட்டது.

தமக்கையார் மீன் உண்ணாதவர் அல்லர். ஆனால் அன்று அவர் கூறியது பையனின் நெஞ்சில் தைத்துவிட்டது: “உண்ணவும் இல்லை, உயிரோடு விடவும் இல்லை. இதென்ன விளையாட்டு?” அன்று கதவின் பின் சாத்திய கோலை மாரிகாலம் முழுவதும் அவன் தொடவில்லை. இப்பொழுது தாயாருக்கும் மகனுக்குமிடையே ஓர் உடன்பாடு பிறந்திருந்தது. மாமா வந்து ஏற்ற கோல் எதுவென்று சொன்னால் இன்னுமொரு முறை முயலலாம். மீண்டும் அவ்வாறே நிகழுமாயின் தூண்டிலை அடியோடு விட்டுவிடுவது. இத்தகைய வழக்கில் நம்மை நீதிபதியாக அமர்த்தினால் நாம் என் செய்வோம்? அயல் வீட்டில் வாழும் அமெரிக்க முதியவர் ஒருவர் நாற்பதாண்டுக் காலம் அவ்வட்டாரத்து ஏரிகளில் மீன் பிடித்தவர் என்று அறிந்து, அவரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தோம்.

பாஸ் என்பது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். கடலிலே அப்பெயர் கொண்ட மீன்களுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. இதனுள்ளும் வாய் அகன்றது, வாய் சிறுத்தது, புள்ளியுடையது எனப் பல வகைகள் உள. வாய் அகன்ற பாஸே இவற்றுட் பெரிதாக வளர்வது. 1932ஆம் ஆண்டு யூன் 2ஆந் திகதி ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்த மீன் 22 இறாத்தல் 4 அவுன்சு இருந்தது. எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2009இல், ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரித்தா என்பவர் பிடித்த மீன் அதனை ஒரு அவுன்சுக்கும் குறைவாகவே விஞ்சியமையால், இருவரும் உலகச் சாதனையைப் பகிர்ந்து கொண்டனர். அமெரிக்க மீன் ஜப்பானுக்கு எவ்வாறு சென்றதெனின், 1925இல் அதனை அங்கு கொண்டுசென்று ஓர் ஏரியில் விட்டனர்.

இந்த மீன் உண்ணும் முறை அறியத்தக்கது. இது இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. அகன்ற வாயைச் சடுதியாகத் திறக்க, நீரும் அதனுடன் இரையும் உள்ளே உறிஞ்சப்படுகின்றன. யாவும் கண்ணிமைப் பொழுதில் முடிந்துவிடும். பிடிக்காததாயின் அதே வேகத்தில் உமிழ்ந்துவிடும். பிடித்ததாயின் விழுங்கத் தொடங்கும். தூண்டிற்காரனுக்குக் கிட்டும் அவகாசம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அச்சிறு பொழுதே. முந்தினால் முள் தைக்காது. பிந்தினால் தொண்டையிற் தைக்கும். மருமகனுக்கு நேர்ந்தது இரண்டாவது.

பிளாஸ்ரிக் புழுவின் கதையையும் இங்கே சொல்லிவிடுவோம். ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் வாழ்ந்த நிக் கிறீம் என்பவரும் அவர் மனைவியாரும், 1949ஆம் ஆண்டளவில், தம் வீட்டு அடுக்களையிலே வைனல் பிசினையும் எண்ணெயையும் நிறப்பொருளையும் காய்ச்சி, உண்மையான மண்புழுவைக் கொண்டு செய்த அச்சிலே வார்த்து இதனை உண்டாக்கினர். அடுப்படியிற் பிறந்த அப்புழு பின்னர் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. ஏரி நீர் தெளிந்திருக்கும் நாட்களிலும், குளிர்காற்று வீசி மீன் சோர்ந்திருக்கும் நாட்களிலும், பலர் தூண்டிலிட்டு மீன்கள் எச்சரிக்கை கொண்டுவிட்ட இடங்களிலும், பெரிய ஆரவாரமான இரைகள் பயன்படா. அப்போது சிறிய புழு, மெல்லிய நூல், நுண்ணிய முள், மிகச் சிறிய ஈயம் ஆகியவற்றைக் கொண்டு, ஏரியின் அடியிலே புழுவை மெல்ல மெல்ல நகர்த்துவர். இம்முறையை அமெரிக்கர் ‘பினெஸ்’ என்பர். பலத்தை விட்டு மென்மையை நம்பும் முறை என்று கொள்ளலாம்.

மென்மையான இம்முறைக்குத் தடித்த கோல் ஏன் பொருந்தாது? இங்கேதான் நம் பௌதிகம் கைகொடுத்தது. புழுவையும் முள்ளையும் ஈயத்தையும் தாங்கும் அத்தூண்டிலில் ஈயத்தின் நிறை ஒரு அவுன்சில் எட்டிலொரு பங்கு. அதாவது மூன்றரைக் கிராம். ஒன்றரை அமெரிக்கச் சதக் காசின் நிறைகூட இல்லை. கோலை வீசும்போது இந்த நிறை நுனியைப் பின்னே வளைக்கவேண்டும். வளைந்த நுனி நிமிரும்போதே இரை தொலைவிற் பறக்கும். வில்லை வளைக்காது அம்பு எய்ய இயலுமா? விறைத்த கோலை மூன்றரைக் கிராம் வளைப்பதில்லை. பையன் தன் முழுப் பலத்தையுங் கூட்டி வீசியும் புழு பத்துப் பாகத்துக்கு அப்பாற் செல்லாமைக்குக் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் மெல்லிய நூல். நம் நாட்டிலே தங்கூசி என்கிறோமே, அதனையொத்த நுண்ணிய நூல் இது. ஆறு இறாத்தல் தாங்கும் என்று சுற்றில் எழுதியிருப்பது, மெதுவாக இழுக்கும் இழுவைக்கே பொருந்தும். மீன் திடீரென்று பாயும்போது உண்டாகும் உதறலை அது தாங்காது. கோல் வளைந்து கொடுக்குமாயின், அவ்வுதறல் நீண்ட நேரத்துக்குப் பரவி, நூலின்மீது விழும் விசை குறைகிறது. கிரிக்கெற் பந்தை ஏந்துபவர் கையைப் பின்னே இழுத்துக்கொள்வது எக்காரணத்தாலோ அதே காரணம். கணத்தாக்கு என்ற பாடத்தை உயர்தர வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம்; அதனை இத்துணைத் தெளிவாக விளக்கும் பொருள் தூண்டிற்கோல்தான் என்பது இதுகாறும் நமக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது காரணமே யாவற்றினும் பெரிது. நீருக்கடியில் நிகழ்வதைக் கண் காணாது, காதும் கேளாது. கோலொன்றே கைக்குச் செய்தி கொண்டுவரும் தூதன். நம் கடற்கரையிலே கோலின்றிக் கைத்தூண்டிலிடும் தொழிலாளர் சுட்டுவிரலின்மேல் நூலைத் தாங்கி, அவ்விரலின் உணர்ச்சியாலேயே எந்த மீன் தொடுகிறதென்று கூறுவதைப் பலர் கண்டிருப்பர். அவ்விரலை ஏழடி நீளத்துக்கு நீட்டினாற் போன்றதே நல்ல கோல். பாரமான கோல் சிறு தட்டலைத் தன்னுள்ளேயே விழுங்கிவிடும். மிகத் தளர்ந்த கோலும் அப்படியே. மெத்தையிலே தட்டினாற் போலச் செய்தி வழியிலேயே மடிந்துபோகும். இலேசாகவும் அதேவேளை உறுதியாகவும் இருப்பதே நுண்ணிய அதிர்வைக் கைவரை கொண்டுசெல்லும்.

இலேசும் உறுதியும் ஒருங்கே வாய்ப்பதற்காக மனிதர் நெடுங்காலம் தேடியிருக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கோல் வினைஞர் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய மூங்கிலைப் பிளந்து, கீற்றுக்களை ஒட்டிக் கோல் செய்தனர். பின்னர் சீனாவின் குவாங்டொங் பகுதியில் விளையும் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. 1950இல் அமெரிக்கா சீனாவுடனான வணிகத்தைத் தடைசெய்யவே அம்மூங்கிலும் நின்றது. அதற்குள் கண்ணாடி நாரினாலான கோல்கள் சந்தைக்கு வந்துவிட்டன. அவை மலிவு, எளிதில் முறியா, ஆனாற் பாரமும் மந்தமும் உடையன. 1960களில் இங்கிலாந்தின் பான்பரோவிலே வானூர்தி ஆராய்ச்சியாளர் உறுதிமிக்க காபன் நாரை உருவாக்க, அடுத்த பத்தாண்டின் முற்பகுதியில் அது தூண்டிற்கோலாகவும் உருவெடுத்தது. இன்று கடைகளிற் ‘கிராபைற்’ கோல் என விற்கப்படுவது இக்காபன் நாரினாலானதே.

முதியவரின் பாடம் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்ப்பதிலே தொடங்கியது. கோலின் வலு வேறு, வளைவு வேறு. வலு என்பது கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. வளைவு என்பது கோல் எவ்விடத்தில் வளைகிறது என்பது. நுனியில் மட்டும் வளைந்து கீழ்ப்பாகம் விறைத்து நிற்பதை ‘விரைவு’ என்றும், அடிவரை வளைவதை ‘மந்தம்’ என்றும் அவர்கள் வழங்குவர். விறைத்த கோலே விரைவான கோல் என எண்ணி ஏமாறுவோர் பலர் என்றார் முதியவர். மெல்லிய புழுவுக்கு வேண்டுவது குறைந்த வலுவும் விரைந்த வளைவும். நுனி மூன்றரைக் கிராமை உணரவேண்டும். மீன் கௌவியபின் கீழ்ப்பாகம் முள்ளைத் தைக்கவேண்டும். நீளம் ஆறரை அடி முதல் ஏழடி வரை.

நீளம் கூடினால் இன்னும் நல்லதன்றோ என்று பையன் கேட்டான். நல்ல கேள்விதான். கோல் ஒரு மூன்றாம் வகுப்பு நெம்பு. சுழலிடம் முழங்கையருகே, முயல்வது நம் கை, சுமையாகிய மீன் தூரத்து நுனியில். கைக்கும் நுனிக்கும் இடையே ஆறடி, கைக்கும் கோலின் அடிக்கும் இடையே ஓரடி என்றால், இந்த நெம்பினால் நயம் பெறுவது மீனேயன்றி மனிதனல்லன். கோலை நீட்ட நீட்டப் பதினான்கு வயதுக் கைக்கு உழைப்பு மிகும். நீண்ட கோல் தொலைவில் எறியும், தளர்ந்த நூலை விரைந்து திரட்டும், ஆயினும் எல்லையுண்டு. ஆறடி பத்தங்குலத்தில் நாம் நின்றோம்.

கடைக்குச் சென்ற அன்று மற்றோர் உண்மை புலப்பட்டது. ‘இலேசு’, ‘நடுத்தரம்’ என்று கோல்களிற் பொறித்திருக்கும் பெயர்களுக்குப் பொது அளவு கிடையாது. ஓர் உற்பத்தியாளரின் நடுத்தரம் மற்றொருவரின் கனமாக இருக்கும். எனவே பெயரை விடுத்து, பிடிக்கு மேலே சிறிய எழுத்திற் பொறித்திருக்கும் எண்களைப் பார்க்கவேண்டும். எத்தனை அவுன்சு இரை, எத்தனை இறாத்தல் நூல் என்று அங்கே கண்டிருக்கும். பதினாறிலொரு பங்கு முதற் காற்பங்கு அவுன்சு வரை என்றும், நான்கு முதல் எட்டு இறாத்தல் வரை என்றும் எழுதியிருந்த கோலையே நாம் நாடினோம். மருமகனின் பழைய கோலில் இருந்ததோ முக்கால் அவுன்சு வரை, இருபது இறாத்தல் வரை. அதனை விற்றவர் அவ்வெழுத்தைப் படித்துக் காட்டியிருந்தால் ஒரு மீன் பிழைத்திருக்கும்.

விலையைப்பற்றியும் சொல்லவேண்டும். முப்பது டொலருக்கும் கோல் உண்டு. ஐந்நூறு டொலருக்கும் உண்டு. உயர்ந்த விலைக் கோல்களில் ஐ.எம். 6, ஐ.எம். 7 என்றும், முப்பது தொன், நாற்பது தொன் என்றும் பொன்னெழுத்திற் பொறித்திருப்பர். இவை நாரின் விறைப்பைக் குறிப்பனவும் நார் செய்வோரின் வணிகப் பெயர்களுமேயன்றி, கோலின் தரத்துக்குச் சான்று ஆகா. விறைப்பு மிகுந்த நாரினாற் சுவர் மெலிந்த, இலேசான கோல் செய்யலாம் என்பது உண்மை. அது படகின் விளிம்பில் ஒருமுறை மோதினால் முறியவுங்கூடும் என்பதும் உண்மை. நம் கருத்தில், நூறு டொலரை அண்டிய விலைக்கு மேலே செல்லும் ஒவ்வொரு டொலரும் கையின் உணர்ச்சிக்குச் சிறிதும் மனத்தின் பெருமைக்குப் பெரிதும் பயன்படுகிறது. நாம் கொடுத்தது தொண்ணூற்றைந்து. மிச்சக் காசில் நல்ல நூல் வாங்கினோம். கோலுக்குக் கொட்டிக்கொடுத்து நூலுக்குக் கஞ்சத்தனம் செய்வோரை முதியவர் நன்றாக நையாண்டி செய்திருந்தார்.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள் சில. நூற்சுழலியைப் பூட்டியே கோலைக் கையிற் பிடித்துப் பார்க்கவேண்டும். சுழலியின்றி இலேசாகத் தோன்றுங் கோல், பூட்டியபின் நுனி தாழ்ந்து மணிக்கட்டை வருத்தக்கூடும். சுழலியருகே சுட்டுவிரலால் தாங்கினாற் கிடையாக நின்றால் நன்று. நூல் செல்லும் வளையங்களின் உட்புறத்தைப் பஞ்சினால் துடைத்துப் பார்க்கவேண்டும். பஞ்சின் இழை சிக்கினால் அங்கே வெடிப்புண்டு. அது நூலை அறுக்கும். மருமகன் தன் கைவிரல்களைப் பிடியின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள, நாம் நுனியை நகத்தினால் இலேசாகத் தட்டினோம். ஆறு கோல்களில் இவ்வாறு செய்தோம். கடையிலிருந்தோர் விநோதமாகப் பார்த்தனர். நான்காவது கோலில் அவன் கண்ணைத் திறக்காமலே, “மாமா, இது கதைக்கிறது” என்றான்.

வீட்டிலே இன்னுமொரு வேடிக்கை செய்தோம். கோலின் வலுவைச் சதக் காசுகளால் அளக்கும் முறையொன்றை வில்லியம் ஹனமன் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்திருக்கிறார். கோலைக் கிடையாகப் பூட்டி, நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, நுனி கோலின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு தாழும்வரை காசுகளை இடவேண்டும். 1982ஆம் ஆண்டின் பின் வார்த்த சதக் காசொன்று இரண்டரைக் கிராம் ஆதலின் கணக்கு எளிது. அத்தானின் காசுப் போத்தல் முழுவதையும் கவிழ்த்து எண்ணியதில், பழைய கோல் புதியதைப் போல் இரு மடங்குக்கு மேற் காசு கேட்டது. உறுதிப்பத்திரமின்றி, சொல்லால் மட்டும் விற்கப்படும் ஒரு பொருளைப் பதினான்கு வயதுப் பையன் தானே அளந்தறிந்தது நமக்குப் பெருமகிழ்ச்சி.

மின்பொறியியலாளரான அத்தான் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தார். காபன் மின்னைக் கடத்தும். மூங்கிற் கோலைத் தோளில் வைத்து நடப்பதுபோல இதனை மின்கம்பிகளுக்குக் கீழே நிமிர்த்திப் பிடித்துச் செல்லலாகாது. இடி முழங்கினால் உடனே கீழே வைத்துவிட்டுக் கரையேறவேண்டும். பிள்ளைகளுக்குக் கோல் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் விலைச்சீட்டைப் படிப்பதற்கு முன் இதனைச் சொல்லிக் கொடுப்பார்களாக.

ஏரிக்குச் சென்ற நாள் வந்தது. வெள்ளை ஆற்றை மறித்து 1958இல் கட்டி முடித்த அணையினாலே தோன்றிய ரேபிள் றொக் என்னும் ஏரி அது. மலையிடுக்குகளிலே கிளைகிளையாகப் பரந்து கிடக்கிறது; நீர் பளிங்கு போன்றது. விடியற்காலை, முதல் நாள் குளிர்காற்று வீசிப் போயிருந்தது. தமக்கையார் போர்வையைச் சுற்றிக்கொண்டு கரையில் அமர்ந்தார். தேநீர்ப் போத்தலைத் தவிர வேறெதனையும் தாம் தொடமாட்டார் என்று முன்னரே கூறியிருந்தார்.

புழு இருபது பாகத்துக்கு மேற் பறந்து ஓசையின்றி விழுந்தது. அடியைத் தொட்டதும் நூல் தளர்ந்தது. பையன் நுனியை அசைத்து, நிறுத்தி, மீண்டும் அசைத்தான். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பின், நாம் எதனையுங் காணாத ஒரு கணத்தில், அவன் மெல்லக் கோலை உயர்த்தினான். கோல் வளைந்து நின்றது. கரைக்கு வந்த மீன் பச்சை நிறமும் பக்கத்திலே கருங்கோடும் உடையது; முள் உதட்டின் ஓரத்திலே இருந்தது. அவன் கையை நனைத்துக்கொண்டு, கீழுதட்டைப் பெருவிரலாற் பற்றி, முள்ளைத் திருப்பி எடுத்து, நீருள் விட்டான். எடுத்ததும் விட்டதும் அரை நிமிடத்துள் முடிந்தது. இரண்டாவது மீன் உமிழ்ந்துவிட்டுப் போயிற்று. மூன்றாவதும் உதட்டிலே.

நான்காவது மீன் வந்தபோது பையன் அம்மாவின் பக்கம் திரும்பிக் கதைத்துக்கொண்டிருந்தான். கோல் செய்தி சொல்லியிருக்கும், கேட்பவன் அங்கில்லை. வாயைத் திறந்து பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. முள் உள்ளே. நம்மைப் பார்த்தான். ஆழப் பதிந்த முள்ளைப் பிடுங்குவதினும் நூலை அறுத்துவிடுவது பெரும்பாலும் மீனுக்கு நன்மை என்று முதியவர் கூறியிருந்தது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டோம். சட்டைப் பையிலிருந்த சிறு கத்தரிக்கோலை எடுத்து, முள்ளுக்கு அருகே நூலை நறுக்கி, இரு கைகளாலும் மீனை நீருக்குள் தாங்கிக்கொண்டு நின்றான். செவுள் அசைந்தது. இருமுறை வாலை வீசிவிட்டு அது ஆழத்துக்குட் சென்றது. குருதி இல்லை.

அவன் கரையேறித் தாயாரிடம் சென்று, “அம்மா, இதுவும் விழுங்கிவிட்டது, நான் கவனிக்கவில்லை” என்றான். உடன்பாட்டின்படி கோலை நீட்டினான்.

தமக்கையார் சிறிது நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் தேநீரை ஊற்றி அவன் கையிற் கொடுத்து, “கோலை அங்கே சாத்து. இதைக் குடித்துவிட்டுப் போ. இனிப் பிடிக்கும்போது என்னோடு கதையாதே” என்றார்.